மல்லாட்டைப் பச்சை

"கருகிப்போன கொல்லையப் பச்சையாக்கி யார ஏமாத்தப் போற? அதுக்கெல்லாம் வேற கடையப் பாரும்மா."

பாண்டுரங்கன் கையில் வாங்கிய செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். விழுப்புரத்தில் இருபது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிற மனுஷன். மனை விற்கிறவர்கள் பொட்டல் காட்டைச் சோலையாக்கித் தரச்சொல்லி வருவார்கள். இவளும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வந்தவள் அசையவில்லை. பக்கத்துக் கெடார் கிராமத்துக்காரி, பேர் அஞ்சம்மாள்.

"எங்க வூட்டுக்காரரத்தான் சார் ஏமாத்தணும். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில கீறாரு. ரெண்டு கிட்னியும் போச்சு. நாளைக்கோ மறுநாளோன்னு டாக்டரம்மா என்னத் தனியா கூப்ட்டு சொல்லிட்டாங்க. அவருக்கு அது தெரியாது."

பாண்டுரங்கன் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"தெனம் கண்ணத் தொறந்ததும் மழை பெஞ்சுதா, மல்லாட்டை எப்படிக் கீதுன்னுதான் கேக்கறாரு. ஒரு மாசமா நானும் பெஞ்சுது, நல்லாக் கீதுன்னு சொல்லிக்கினு வர்றேன். நேத்து, போட்டோ புடிச்சாந்து காட்டுடின்னுட்டாரு. இன்னிக்கே காட்டியாவணும் சார்."

அவர் செல்போனைத் திரும்ப எடுத்தார். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆட்டோ பட்டனைத் தட்டினார். வானம் பளிச்சென்று நீலமாச்சு. வேர்க்கடலைச் செடி மட்டும் செத்தது செத்தபடியே கிடந்தது.

"இதுக்கு மேல மெஷினுக்குத் தெரியாதும்மா. கையாலதான் போடணும். கிட்ட வந்து உக்காரு."

கொஞ்சம் பச்சையைக் கூட்டினார்.

"ஐய, இது நெல்லு நாத்து சார். மல்லாட்டை எங்க இப்படிக் கீது?"

குறைத்தார்.

"இப்ப முருங்கக்கீரை. எங்க ஆளு பாத்தா எழுந்து உக்காந்து சிரிப்பாரு."

"எழுந்து உக்காந்தா நல்லதுதானே" என்றார். சொன்ன பிறகு, ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது. ஆனால் அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை உடனே முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"அடியெல கொஞ்சம் மஞ்சளாவே வுடுங்க சார். எல்லாமே பச்சையா இருந்தா கண்டுபுடிச்சிடுவாரு. மழை பெஞ்ச மண்ணு இவ்ளோ வெளுப்பா இருக்குமா? கருக்குங்க. வரப்புல புல்ல வுட்டுட்டீங்களே!"

இலை இலையாகத் தொட்டார். ரெண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதான் சார். போன வருசம் இப்படித்தான் நின்னுச்சு."

நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும். அந்த வருஷம் ஊரே கரண்ட் போகிற நேரத்தைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து. அவசர அவசரமாகப் பிரிண்ட் கொடுத்தார்.

படம் வெளியே வந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பிரிண்ட் மெஷினில் ஆட்டோ திருத்தத்தை அணைக்க மறந்துவிட்டார். கல்யாணப் படமாகப் போட்டுப் பழகின கை. படம் முழுக்க ஒரே பச்சையாக இருப்பதைத் தப்பு என்று எடுத்துக்கொண்டு, மெஷின் அதை உறிஞ்சித் தள்ளிவிட்டது. கொல்லை பழையபடி கருகிக் கிடந்தது.

"இரும்மா, ஜல்தியா இன்னொண்ணு போட்டுடறேன்."

கையை நீட்டினார். பொட்டென்று கரண்ட் போச்சு.

"ஆறு மணிக்கு வந்துடும்மா."

"அதுவரைக்கும் அந்த உசுரு இருக்குமோ இன்னாமோ. குடுங்க சார். தூரத்துல வெச்சிக் காட்டிக்கறேன்."

பாண்டுரங்கனுக்கு மனசு கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

"கேட்டா, நீங்கதான் வந்து படம் புடிச்சதா ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றாள் வழியில்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் புருஷன் விருத்தாசலம் முகம் ஊதிப்போய்ப் படுத்திருந்தார்.

"படம் எங்கடி?"

அஞ்சம்மாள் நாலடி தள்ளி நின்று தூக்கிக் காட்டினாள். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பாண்டுரங்கன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பச்சப்பசேல்னு கீதுடி!" என்றார் விருத்தாசலம்.

அஞ்சம்மாளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "கண்ணு மங்கிடுச்சு போல சார்" என்று பாண்டுரங்கன் காதோடு சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சி வாங்கிவர ஓடினாள்.

பாண்டுரங்கன் தொண்டையைச் செருமினார். "நான்தாங்க புடிச்சேன். உங்க ஊர்ல நல்ல மழை."

"வுடுங்க சார்" என்றார் விருத்தாசலம். "நான் இங்க வர வண்டி ஏறுன அன்னிக்கே அந்தச் செடி செத்துப்போச்சு. வேரப் புடுங்கிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

பாண்டுரங்கன் திகைத்துப்போனார். "அப்புறம் எதுக்குங்க தினம் மழை பெஞ்சுதான்னு கேட்டீங்க?"

அவள் போன வாசலையே பார்த்தபடி விருத்தாசலம் சொன்னார்:

"நான் போகப்போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சி, அந்த ஒரு நிம்மதியிலதான் அவ நடமாடிக்கினு கீறா சார். நான் கேக்கறத நிறுத்திட்டா, அதுவும் போயிடும்."