உள்வட்டத்துச் சுரம்

ஓடெட் குச்சிகளைக் கையில் எடுத்ததும் ஜெனெல் தன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். 

கார்னிவலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். எண்ணெய்ப் பீப்பாயின் மூடியைக் குழித்துச் செய்யும் ஸ்டீல் பான் வாத்தியக் குழுவின் முற்றத்தில் இன்று சோதனை. ஒவ்வொருவராக வந்து, கேப்டன் ஹாலிஸ் முன்னால் பாட்டைத் தனியாக வாசிக்க வேண்டும். தவறினால் மேடை இல்லை.

ஓடெட் ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவள். ஐம்பது வயது. ஆறு மாதம் முன்பு வரை ஸ்டீல் பானைத் தொட்டதே இல்லை.

அவளுக்குக் கற்றுத்தந்தது ஒரு போன் விளையாட்டு. வங்கி வேலையை உதறிவிட்டு ஜெனெல் மூன்று வருடமாகக் கட்டியது. திரையில் ஒரு சுரம் ஒளிரும். எதிரே இருக்கும் நிஜப் பானில் அதை அடிக்க வேண்டும். போன் கேட்டுப் புள்ளி தரும். யார் வேண்டுமானாலும் தன் போனில் இறக்கிக்கொள்ளலாம்.

ஓடெட் தேறினால் புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த விளையாட்டுதான் என்று ஹாலிஸ் வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் அந்தப் பேச்சே முற்றத்துக்குள் வரக் கூடாது.

முன்வரிசையில் வாசிப்பவர்கள் வேலியோரம் நின்று, கொண்டைக்கடலை வைத்த டபுள்ஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். எட்டு வருடமாக மேடை ஏறும் டெவோன் விரலை நக்கியபடி சொன்னான்:

"ஓடெட் அக்கா, நடுவுல போன் அடிச்சா எடுத்துப் பேசிடாதீங்க."

சிரிப்பு அடங்கும் முன்பே ஓடெட் தொடங்கிவிட்டாள்.

அவள் உடம்பு பானோடு சேர்ந்து ஆடியது. விளையாட்டுக்காகத் தான் எழுதிய நிரல் வரிகள் இன்னொருத்தியின் மணிக்கட்டில் துள்ளுவதை ஜெனெல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை முதன்முதலாக நடப்பதைப் பார்ப்பவள் இப்படித்தான் மூச்சுவிட மறப்பாளோ.

போன வாரம் புதிதாகச் சேர்த்த கடைசிப் பகுதி வந்தது.

ஹாலிஸ் கையைத் தூக்கினார்.

கீழே இறங்க வேண்டிய இடத்தில் ஓடெட்டின் குச்சி பானின் நடுவிலுள்ள உள்வட்டத்துக்குப் போய், அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே அடித்திருந்தது.

ஜெனெலுக்கு உடனே புரிந்தது. பானில் பெரிய சுரத்தை அடித்தால் உள்வட்டத்தில் அதன் சின்னச் சுரமும் சேர்ந்து ஒலிக்கும். ஒத்திகையைப் பதிவு செய்து போனுக்குக் கொடுத்திருந்தாள். போன் சின்னதைக் கேட்டு அதையே பாடமாக்கிவிட்டது. நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் இரைச்சலில் ஜெனெலின் காதும் அதைத் தவறவிட்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பு ஓடெட்டுடையதாகப் போய்விடும். விளையாட்டு ஒருவேளை பிழைக்கும்.

"கேப்டன், அது அவங்க தப்பு இல்ல," என்றாள். "என் போன் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கு."

சொன்னதும் உள்ளுக்குள் ஏதோ லேசானது. மூன்று வருட உழைப்பு போனாலும் போகட்டும்.

ஹாலிஸ் ஓடெட்டை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு டெவோனைக் கூப்பிட்டார்.

டெவோன் அலட்சியமாக, அழகாக வாசித்தான். கடைசிப் பகுதியில் அவன் குச்சி உள்வட்டத்துக்குப் போனது. இவனும் ரகசியமாக அந்த விளையாட்டில்தான் பழகியிருக்கிறான்.

வேலியோரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்து வந்த பெண்ணும் மேலே போனாள். அதற்கடுத்தவன் அந்த இடம் நெருங்கும்போதே வியர்த்தான்; கை பழகியபடி மேலேயே போனது. நான்காமவளும்.

ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை மெல்ல முனகிப் பார்த்தார். கீழே ஒரு தரம். மேலே ஒரு தரம். மறுபடியும் மேலே. அவர் குதிகால் தரையில் தாளம் தட்டத் தொடங்கியது.

ஐந்தாமவன் வந்தான். பாட்டு முழுவதும் பிசகில்லை. அந்த இடத்தில் சரியாகக் கீழே இறங்கினான்.

ஹாலிஸ் கையைத் தூக்கினார்.

"எல்லாரும் மேல போறாங்க, நீ மட்டும் ஏன்டா கீழ இறங்குற?"