பதினொரு துண்டுக் காகிதம்

“அந்தக் காகிதத்தைக் கொடுத்துட்டு நாளைக்கு வெறுங்கையோட போய் நின்னா, உங்களைத்தான் ஜெயில்ல போடுவாங்க எல்வுட்! புரியுதா இல்லையா?”

நடீன் கிட்டத்தட்டக் கத்தினாள். எல்வுட் டைப்ரைட்டரிலிருந்து நிமிரவே இல்லை.

வெள்ளை மாளிகையை ஒட்டிய கட்டடத்தில், ஆவண அறையில், பத்தொன்பது வருடமாக இருவருக்கும் எதிரெதிர் மேசை. ஜனாதிபதியின் கை பட்ட எந்தக் காகிதமும் குப்பைக்குப் போகக்கூடாது என்பது விதி. இப்போதிருக்கும் ஜனாதிபதிக்கோ, படித்து முடித்ததைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டால்தான் திருப்தி. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, பொருத்தி, செலோடேப் போட்டு ஒட்டுவதே இவர்களின் பிழைப்பாகிவிட்டது.

போன மாதம் எல்வுட் ஒட்டிய பதினொரு துண்டுகள் ஒன்று சேர்ந்து ஓர் உத்தரவாக நின்றன. தன்னை எதிர்க்கும் ஏழு பேர் மேல் வரித்துறையை ஏவிவிடச் சொல்லி, ஜனாதிபதி தன் கைப்பட எழுதியது. விசாரணைக் குழு சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டபோது, பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டார் மனிதர்.

‘அப்படி ஒரு காகிதமே கிடையாது, அந்த ஆள் புளுகுகிறார்’ என்று மாளிகை சாதித்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் நிரூபித்தாக வேண்டும். தவறினால் பொய்ச்சாட்சி வழக்கு. நாட்டில் மூன்று வாரமாக ஒரு சட்டம் நிறைவேறவில்லை, மூன்று அமைச்சர்கள் ராஜினாமா செய்தாயிற்று. அத்தனை பேரும் இந்த ஒற்றைக் காகிதத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

இந்த லட்சணத்தில், ஜனாதிபதி அலுவலகத்திலிருந்து போன். அந்தக் காகிதம் திரும்ப வேண்டுமாம். வாங்கிக்கொள்ள ஜனாதிபதியின் வலக்கையான பிரெஸ்காட் நேரிலேயே வருகிறாராம்.

“அவங்க கேட்டா திருப்பிக் கொடுக்கணும்னு விதி இருக்கு நடீன்.”

“விதியாம் விதி! உங்க தலைவிதி! இங்க கொடுங்க, என் கைப்பைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கறேன்.”

“அதுக்குப் பேர் திருட்டு.”

“அப்ப ஒரு நகலாவது எடுத்து வைங்க.”

“அனுமதி இல்லாம நகல் எடுக்கக் கூடாது. அது பதினாலாவது விதி.”

நடீனுக்கு அவர் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் பிரெஸ்காட். பளபளக்கும் ஷூ, பளபளக்கும் தலை.

“என்ன எல்வுட், ரெடியா? எனக்கு நேரமில்ல.”

“ரெடி சார்.” எல்வுட் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

பிரெஸ்காட் அதை வெளிச்சத்தில் பிடித்து, வரிவரியாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நகல் ஏதாவது?”

“இல்ல சார். விதிப்படி தப்பு.”

“சத்தியமா?”

“எல்வுட் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல. அதுதானே இங்க பிரச்சினையே!” என்று வெடுக்கென்று சொன்னாள் நடீன்.

பிரெஸ்காட் வாய்விட்டுச் சிரித்தார். “உங்களை மாதிரி ஆளுங்கதான்யா நாட்டுக்குத் தேவை!”

“ஒரு கையெழுத்து சார்.” எல்வுட் ஒரு தாளை நீட்டினார். “இல்லாம இந்த அறையிலேருந்து ஒரு துண்டுகூட வெளியில போனதில்ல.”

“உங்க தொல்லை தாங்கலப்பா!” நாளுக்கு ஐம்பது தாளில் கையெழுத்துப் போடுகிறவர். கண் செலோடேப் காகிதத்தில் இருக்க, கை பாட்டுக்குக் கிறுக்கிவிட்டு நகர்ந்தது.

அவர் போனதும், “அப்பாடா!” என்று நாற்காலியில் சாய்ந்தார் எல்வுட். சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் பெரிதாகக் கடித்தார்.

“எப்படித்தான் இறங்குதோ உங்களுக்கு!”

“மூணு வாரமாத் தூக்கமில்ல நடீன். இன்னிக்குத் தூங்குவேன்.”

பயத்தில் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நடீன் நினைத்தாள். கண்ணீரை அவர் பார்க்காமல் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விசாரணை மண்டபத்தில் நிற்க இடமில்லை. முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு பிரெஸ்காட். பின்வரிசையில் கைக்குட்டையைக் கசக்கியபடி நடீன்.

“காகிதம் எங்கே?” என்றார் குழுத் தலைவர்.

“எங்கிட்ட இல்லைங்க ஐயா. நேத்து ஜனாதிபதி அலுவலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துட்டேன்.”

மண்டபமே கொல்லென்று சிரித்தது. நடீன் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“அப்போ நீங்க சொன்னதுக்கு என்ன ஆதாரம்?”

“ரசீது இருக்குங்க. கிழிஞ்ச காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தா, அதுல என்ன இருக்குன்னு ஒரு எழுத்து விடாம ரசீதுல எழுதணும். ஒன்பதாவது விதி.”

தலைவர் தாளை வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். தேதி, ஜனாதிபதி கைப்பட எழுதிய உத்தரவு வாசகம், ஏழு பெயர்கள், ஒன்றும் பாக்கியில்லை. பிரெஸ்காட்டின் கால் மெல்லத் தரைக்கு இறங்கியது. நடீன் அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாடா, தப்பித்தார் மனிதர்!

தலைவர் கடைசி வரிக்கு வந்தார்:

“மேற்கண்ட விவரங்கள் யாவும் சரி எனப் பார்த்து, மூலத்தைப் பெற்றுக்கொண்டேன். ஒப்பம், பிரெஸ்காட், ஜனாதிபதி அலுவலகம்.”