முன்வரிசைச் சிப்பாய்

புதுக்கோள்களில் கொடி நடும் நிறுவனத்துக்காகக் கணினியிடம் சொல்லிச் சொல்லிப் படம் வரைய வைப்பதுதான் பெர்பெத்துவின் வேலை. அன்று குலசை ஏவுதளத்தின் நீண்ட சுவருக்காக, வானத்தையே சதுரங்கப் பலகையாக விரிக்கச் சொன்னாள். நட்சத்திரங்களுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் மிதந்தன. விண்கப்பல்கள் குதிரைகளாகத் தாவின. கொடியோடு ராஜா பின்வரிசையில் பத்திரமாக நின்றார்.

சிப்பாய்களுக்கு மட்டும் முகமே இல்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், அவங்களும் மனுசங்கதான? இந்தத் தடவை புதுக்கோளுக்குப் போகப் பேர் கொடுத்தவங்க முகத்தையே வையி."

பனி விலகுவதுபோல் முகங்கள் பக்கவாட்டுத் தோற்றத்தில் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. முன்வரிசையில், புருவத்தில் தூண்டில் முள் கிழித்த தழும்போடு, அவள் மகன் செல்ஸ்டன் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். காலையில் சாப்பிடும்போதுகூட அவன் பேர் கொடுத்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெர்பெத்து திரையைத் தடவினாள். "அவன ஒரே ஒரு கட்டம் பின்னால வச்சிரு."

"சிப்பாய் பின்னால் வராது," என்றது கணினி. "வேண்டுமானால் திரும்பிப் பார்க்க வைக்கட்டுமா?"

அவள் வாய் திறக்குமுன் செல்ஸ்டன் திரும்பினான். அந்த முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.