கோட்டுப் பைக்குள் கை

"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்றார் போதகர். ஆலயத்தில் எல்லோரும் "சமாதானம்" என்று சொல்லிக் கைகுலுக்கினார்கள். பெண்ணின் அப்பா நீட்டிய கையை மட்டும் மாப்பிள்ளையின் அப்பா தொடவில்லை. கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி தலையை மட்டும் ஆட்டினார்.

"நீங்க சாக்கடை அள்ளுறது தெரிஞ்சுபோச்சுங்க. கல்யாணம் நின்னுடும்" என்று பெண்ணின் அம்மா கணவரிடம் கிசுகிசுத்தாள்.

ஆராதனை முடிந்ததும் பெண்ணின் அப்பாவே போய் மாப்பிள்ளையின் அப்பா எதிரில் நின்றார். "சம்பந்தி, நான் சாக்கடை அள்ளுறவன்தான். அருவருப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"ஐயையோ, அருவருப்பா? என் கையைக் காட்டத்தாங்க எனக்குக் கூச்சம்!"

பையிலிருந்து மெல்ல வெளியே வந்த கைகள் மணிக்கட்டு வரை நீலமாக இருந்தன.

"சாயப்பட்டறை வேலைங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது."

பெண்ணின் அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

"தச்சு வேலை செஞ்ச ஆண்டவரைக் கும்பிடுற இடத்துல கையை ஒளிக்கலாமா, சம்பந்தி? சமாதானம்!"