சவரிமுத்து பிடித்த கொத்தனார்

2025 ஜூலையில் களமருதூரில் நாற்பது குடும்பங்களுக்கு ஒரே நாளில் அரசு வீடு கட்ட ஆணை வந்தது. கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பானது. பழைய வீட்டை இடித்துவிட்ட சவரிமுத்து, குடும்பத்தோடு மாட்டுக்கொட்டகையில் கிடந்தார்.

“கொத்தனாருக்கெல்லாம் பொண்ணு இல்ல” என்று, மகளைக் காதலித்துப் போன வருடம் பெண் கேட்டு வந்த அமலை விரட்டியவர், இப்போது தானே போய்ச் சம்மதம் சொன்னார். மகள் ஷைனி, “எம்மேல இம்மாம் பாசமாப்பா?” என்று அழுதாள்.

கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தன்று சவரிமுத்து மெல்லக் கேட்டார்: “மாப்ள, நாளைக்கே நம்ம வூட்டு வேலய ஆரம்பிச்சிரலாமா?”

“இன்னா மாமா நீங்க? மாமனார் வூட்டுல மாப்ளயே சாந்து பூசினா, ஊரு உங்களத்தான் காறித் துப்பும்!”

மறுநாள் அமல் எதிர்வீட்டில் சுவர் எழுப்பினான். மதியம் அவனுக்குக் கறிச்சோறு மாமனாரின் கொட்டகையிலிருந்து போனது.