ரொட்டிக்கடைக்கு எதிரே

"இங்கேயும் வேண்டாம். வண்டியை எடு" என்றேன்.

என் கணவன் எர்வே ஸ்டியரிங்கைக் குத்தினான். "கேரவன் நிறுத்த நாம பார்க்குற மூணாவது கேம்ப் இது, ஜினெத்! ஆறு ஓடுது, நிழல் இருக்கு. மகாராணிக்கு இன்னும் என்ன வேணும்?"

"பக்கத்துல ரொட்டிக்கடை இல்ல."

"ஒரு ராத்திரி தூங்கி எழுந்திரிக்க இவ்வளவு ஆராய்ச்சியா?"

"முப்பது வருஷமா நீ நிறுத்தின இடத்துலயெல்லாம் தூங்கினேன். இன்னிக்கு நான் சொல்ற இடத்துலதான் நம்ம கேரவன் நிக்கும்."

என் குரலில் இருந்த உறுதி எனக்கே புதிதாக இருந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே, காருக்குப் பின்னால் மாட்டியிருந்த கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

அடுத்த ஊரில் கேம்ப் வாசலுக்கு எதிரிலேயே ரொட்டிக்கடை. அதை ஒட்டி ஒரு டாக்டர் வீடு. கேம்புக்குள்ளே துணி துவைக்கும் மிஷின்கூட இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவனுக்குக் காட்டினேன்.

"இதெல்லாம் எனக்கு எதுக்குடி?" என்று சிரித்தான்.

கேரவனை மட்டம் பார்த்து நிறுத்தி, நாற்காலியை விரித்து, ஒயின் பாட்டிலைத் திறந்தான். நான் கேரவனிலிருந்து காரைக் கழற்றினேன்.

"ஏன் கழட்டுறே? காலைல மறுபடியும் மாட்டணுமே!"

"மாட்ட வேண்டாம். கேரவன் உனக்கு, கார் எனக்கு. நீ தனியா இருக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

டிரைவர் சீட்டை என் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் இழுத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன். எர்வே கையில் கிளாஸோடு ஓடி வந்தான்.

"அப்போ... உனக்கு எங்க தங்கணும்னு ஆசை?"

முப்பது வருடத்தில் அவன் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை.