ஒரு வரி விடாதவன்

“ஒண்ணுமே தெரியாதவன்னு நினைச்சு எழுதும்மா. திங்கட்கிழமை புது ஆள் வேலைல சேர்றான். சொன்னதை அப்படியே செய்வான், எதிர்த்துப் பேச மாட்டான், லீவும் கேக்க மாட்டான்” என்றார் மேனேஜர், சொந்த மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல் முகமெல்லாம் பூரித்து.

எதிரே உட்கார்ந்திருந்தாள் நோட்ஸ் அக்கா. கம்பெனியின் மென்பொருள்களுக்கெல்லாம் விளக்கக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஒன்பது வருடமாக எழுதுகிறாள். எவரும் படித்ததாகச் சரித்திரமே இல்லை.

“புது ஆள்னா... ஏஐ ஏஜென்ட்டா சார்?”

“அதேதான்! நம்ம கன்டெய்னர் கிளஸ்டரை எல்லாம் இனி அதுதான் பாத்துக்கும். எந்தக் கிளஸ்டர் எப்படி அமைச்சிருக்குன்னு பட்டியல் போடற டூல் இருக்கில்ல? அது படிக்கறதுக்கு அந்த டூலைப் பத்தி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துடு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்புறம்... வெள்ளிக்கிழமை உனக்குக் கடைசி நாள். மனசுல வெச்சுக்காதே. இனிமே குறிப்பெல்லாம் அதுவே எழுதிக்குமாம்.”

தன் வேலைக்கு வருகிறவனுக்குத் தானே வழி எழுதிக் கொடுக்க வேண்டும்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பாழாய்ப்போன கை சும்மா இருந்தால்தானே? கம்பெனியின் புரோகிராம்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, கூட்டம் கூட்டமாக ஓடவிட்டிருந்தார்கள். ஒரு கூட்டம் ஒரு கிளஸ்டர். அதன் பெயர், எத்தனை மெஷின், ஓடுகிறதா நிற்கிறதா என்று பட்டியலில் வரும் ஒவ்வொன்றுக்கும் பிசிறில்லாமல் விளக்கம் எழுதினாள். ஓர் இடத்தில் மட்டும் விரல் நின்றது.

“சார், ‘மெயின்’னு ஒரே பேர்ல ரெண்டு இருக்கு. ஒண்ணு வாடிக்கையாளருக்கு ஓடறது, இன்னொண்ணு சோதனைக்கு வெச்சது. பட்டியல்ல பாத்தா எது எதுன்னே தெரியாது. அதை எழுதட்டுமா?”

“ஐயையோ! எந்தப் புத்திசாலி இப்படிப் பேர் வெச்சான்னு டைரக்டர் கேப்பாரு. வெச்சது நான்! அந்தப் பேச்சையே எடுக்காதே. பழைய குறிப்பு ஒண்ணை எடு, நடுவுல இருக்கறதை மட்டும் மாத்து. தலையையும் வாலையும் தொடாதே.”

அப்படியே செய்தாள். தலையில் கம்பெனி முத்திரை. வாலில் வழக்கமான வரி: ‘சந்தேகம் வந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல், எழுதியவரை நேரில் கேட்கவும்.’ அதைப் பார்த்துவிட்டு ஒரு ஈ காக்காய்கூட அவள் மேஜைப் பக்கம் வந்ததில்லை.

மேனேஜர் எட்டுப் பக்கத்தையும் எட்டே நொடியில் தள்ளிவிட்டு, “முழுசாப் படிச்சேன். பிரமாதம்!” என்று ஒப்புதல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் காவலாளி தயங்கித் தயங்கி அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். “எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் மேடம். லிஃப்ட்ல நீங்க எழுதி ஒட்டினதை முழுசாப் படிச்சேன்” என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அங்கேதான் உடைந்து போனாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“விடும்மா, அந்த ஏஜென்ட்டாவது படிச்சிருக்கும்” என்றார் கணவர், சமாதானமா கிண்டலா என்று தெரியாத குரலில்.

“நீங்க வேற, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க!”

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. “மேடம், காப்பாத்துங்க மேடம்!” மேனேஜர்தான். ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து விழுந்த முதல் மேடம். “சோதனைக்கு வெச்ச மெயினை அழிக்கச் சொன்னேன். ரெண்டு மெயின் இருக்கு, சந்தேகமா இருக்குன்னு அப்படியே நின்னுடுச்சு. காலைலேருந்து ஒரு வேலை நடக்கலை. டைரக்டர் என்னைக் கடிச்சுக் குதறிட்டாரு!”

“நின்னதே நல்லதாப் போச்சு சார். மாத்தி அழிச்சிருந்தா வாடிக்கையாளர் எல்லாரும் நடுத்தெருவுல நின்னிருப்பாங்க. எது எதுன்னு சொல்றேன், எழுதிக்கிறீங்களா?”

“எனக்குத் தெரியும் மேடம்! நானும் சொன்னேன், டைரக்டரும் சொன்னாரு. அது யார் பேச்சையும் காதுலயே போட்டுக்க மாட்டேங்குது!”

அழைப்பு மணி அடித்தது. கணவர் போய்க் கதவைத் திறந்தார். மூச்சு வாங்க நின்றிருந்தார் காவலாளி. கையில் அவளுடைய அடையாள அட்டை.

“கீழ வண்டி நிக்குது மேடம், அந்த ஏஜென்ட்டே புக் பண்ணி அனுப்பிடுச்சு. உங்களை நேர்லதான் கேக்குமாம்!”